வெளியே சின்ன ஓட்டை, உள்ளே கிழியாத உறை: மலக்குடல் கேன்சர் ஆபரேஷனின் 200 வருஷக் கதை

1/ "டாக்டர், கேமரா விட்டு நாலஞ்சு ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன்ல கேன்சர் முழுசா வந்துடுமா? வயித்தைத் திறந்து பண்ணாத்தானே நல்லா பார்த்து எடுக்க முடியும்?" வீட்டுல ஒருத்தருக்கு மலக்குடல் புற்றுநோய்னு தெரிஞ்சதும் குடும்பம் கேட்கிற கேள்விகள்ல இது ஒண்ணு. கூடவே இன்னொண்ணும் வரும்: "கட்டின்னு தெரிஞ்சாச்சு. உடனே எடுக்காம எதுக்கு ரேடியேஷன், கீமோன்னு மாசக்கணக்குல இழுக்கறீங்க?"

2/ ரெண்டுமே நியாயமான கேள்விகள். இதே கேள்விகளை வெச்சு சர்ஜன்கள் தங்களுக்குள்ள பல வருஷம் சண்டை போட்டிருக்காங்க. பதில் கிடைச்ச கதையைத்தான் இப்ப சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க, யாருக்காவது ஒரு நாள் உதவும்.

3/ முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். பெருங்குடலோட கடைசி 15 செ.மீ. அளவுதான் மலக்குடல். இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள, ஒரு புனலோட அடியில உட்கார்ந்திருக்கு. முன்னால ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை, புராஸ்டேட், பெண்களுக்குக் கர்ப்பப்பை. பின்னால முதுகெலும்பின் கடைசிப் பகுதி. ரெண்டு பக்கமும் சிறுநீரையும் தாம்பத்திய உறவையும் கட்டுப்படுத்தற நரம்புகள். கீழே மலத்தை அடக்கி வைக்கிற வளையத்தசை. இவ்வளவு நெருக்கடியான சந்துல கை வைக்கணும்.

4/ 1826-ல் பாரிஸில் ஜாக் லிஸ்ஃப்ராங்க் என்ற சர்ஜன் ஆசனவாய் வழியாகவே மலக்குடலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்வது உலகத்துக்குத் தெரிய வந்ததே 1846-ல்தான். அதுக்கு 20 வருஷம் முன்னாடி நடந்த ஆபரேஷன் இது! அந்த நோயாளி பட்ட பாட்டை நீங்களே யோசிச்சுக்கோங்க. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள், கைக்கு எட்டின வரைக்கும் கீழேயிருந்து எடுப்பதுதான் வழக்கம்.

5/ லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜனும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஆனா தன்னோட நோயாளிகள் அப்புறம் என்ன ஆனாங்கன்னு கணக்கு எடுத்தார். அவர் கீழ்வழியா ஆபரேஷன் செய்த 57 பேரில் 54 பேருக்குக் கட்டி திரும்ப வந்திருந்தது. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, கண்ணுக்குத் தெரிந்த கட்டியைத் தாண்டி மேலேயும் பக்கவாட்டிலும் நோய் பரவியிருப்பதைப் பார்த்தார்.

6/ 1908-ல் புது ஆபரேஷனை வெளியிட்டார். வயிற்றைத் திறந்து மேலேயிருந்து பாதி, கீழேயிருந்து பாதி. மலக்குடல், ஆசனவாய், சுற்றியிருக்கிற திசு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடறது. மலம் வெளியேற வயிற்றில் ஒரு துவாரம், அதுல ஒரு பை, வாழ்நாள் முழுக்க. ஆரம்பத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10-க்கு 4 பேர் அதிலேயே இறந்தார்கள். ஆனா பிழைத்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகமே மைல்ஸ் வழியில்தான் போனது.

7/ பிறகு கேள்வி மாறியது. எல்லாருக்கும் பை வைக்கணுமா? கட்டிக்கும் வளையத்தசைக்கும் நடுவுல இடம் இருந்தா குடலை மறுபடி இணைக்கலாமே? 1940-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்சன் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். கை நுழையாத ஆழத்தில் தையல் போடுவதுதான் சிக்கல். சோவியத் யூனியனில் ஆரம்பித்த ஸ்டேப்ளர் கருவிகள் வளர்ந்து, 1970-களின் கடைசியில் குடலை வட்டமாக இணைக்கும் ஸ்டேப்ளர் புழக்கத்துக்கு வந்தது. நிறைய பேருக்கு நிரந்தரப் பை தேவைப்படாமல் போனது.

8/ ஆனா ஒரு பூதம் மட்டும் போகவே இல்லை. எடுத்த இடத்திலேயே, இடுப்புக்கூட்டுக்குள்ளேயே நோய் திரும்ப முளைப்பது. ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வில், வெறும் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 27% பேருக்கு இது நடந்தது. நாலில் ஒருத்தருக்கு மேல! எலும்பையும் நரம்பையும் அழுத்தி, உட்காரவும் முடியாம படுக்கவும் முடியாம வலி கொடுக்கிற நிலை அது. மறுபடி எடுப்பதும் ரொம்பக் கஷ்டம். மலக்குடல் கேன்சர்ல நாங்க அதிகம் பயப்படறது இதுக்குத்தான்.

9/ பூதம் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு சொன்னவர் பில் ஹீல்ட். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற சின்ன ஊரின் சர்ஜன். 1982-ல் அவர் எழுதின கட்டுரையின் சாரம் இதுதான்: மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி இருக்கு. பேரு மீசோரெக்டம். ரத்தக்குழாய்களும், நெறி கட்டியிருக்குன்னு சொல்வோமே, அந்த நிணநீர் முடிச்சுகளும் இதுக்குள்ளதான் இருக்கு. மொத்தத்தையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கு. கேன்சர் முதல்ல பரவறது இந்தப் பொதிக்குள்ளதான்.

10/ ஹோட்டல்ல சாம்பாரைக் கவர்ல கட்டித் தருவாங்களே, அதை நினைச்சுக்கோங்க. கவர் முழுசா இருந்தா சொட்டு சிந்தாம வீட்டுக்கு வரும். ஒரு இடத்துல கிழிஞ்சாலும் பை பூரா சாம்பார். பழைய முறையில் சர்ஜன் கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் பிரித்து எடுப்பார். உறை கிழியும், பொதியின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். உறைக்கு வெளியே இயற்கையாகவே ஒரு பிரிகோடு இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து, கூர்மையான கருவியால் பிரித்து, பொதியை அப்படியே முழுசாக எடுங்கள் என்றார் ஹீல்ட்.

11/ 1986-ல் 115 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அதே இடத்தில் நோய் திரும்பியது 4%-க்கும் குறைவு. பலர் நம்பவில்லை. அதே வருஷம் லீட்ஸ் நகரின் நோய்க்குறியியல் நிபுணர் ஃபில் குவர்க், எடுத்த மலக்குடலைக் குறுக்கே வில்லை வில்லையா வெட்டிப் பார்த்தார். 52 பேரில் 14 பேருக்குப் பக்கவாட்டு வெட்டு விளிம்பு வரைக்கும் கேன்சர் இருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு நோய் திரும்பியது. விளிம்பு சுத்தமாக இருந்த 38 பேரில் ஒருவருக்கு மட்டும்.

12/ இது ரொம்ப முக்கியம். இதுக்கப்புறம் "ஆபரேஷன் நல்லா முடிஞ்சது"ன்னு சர்ஜன் வாயால சொன்னா மட்டும் போதாதுன்னு ஆச்சு. எடுத்த பொதியை மேசையில் வைத்து, உறை கிழிந்திருக்கா, விளிம்பு சுத்தமான்னு இன்னொருத்தர் பார்த்து மார்க் போடுவார். இந்த இழையில இனிமே வர்ற எல்லாச் சண்டைக்கும் நடுவர் இந்த மார்க்தான்.

13/ அடுத்து ரேடியேஷன். நான் சொன்ன ஸ்வீடன் ஆய்வு 1997-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் 5 நாள் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கு, அந்த 27% என்பது 11% ஆகக் குறைந்தது. "ஹீல்ட் சொன்ன மாதிரி நல்லா ஆபரேஷன் பண்ணா ரேடியேஷன் எதுக்கு?"ன்னு கேள்வி வந்தது. நெதர்லாந்தில் எல்லாருக்கும் ஹீல்ட் முறை ஆபரேஷன் செய்து, பாதிப் பேருக்கு மட்டும் முன்கூட்டியே ரேடியேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் பதில் வந்தது: 2 வருஷத்தில் நோய் திரும்பியது ரேடியேஷன் இல்லாமல் 8.2%, ரேடியேஷனோடு 2.4%.

14/ "சரி, முதல்ல கட்டியை எடுத்துட்டு அப்புறம் ரேடியேஷன், கீமோ கொடுக்கலாமே?" அதையும் ஜெர்மனியில் சோதித்தார்கள். 2004-ல் வந்த முடிவு: 5 வருஷத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது, பிறகு கொடுத்தவர்களில் 13%, முதலிலேயே கொடுத்தவர்களில் 6%. பக்கவிளைவுகளும் முதலில் கொடுத்தவர்களுக்குத்தான் குறைவு. உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். அந்த மாசங்கள் வீணாப் போகிற நேரம் இல்லை, அதுவே சிகிச்சை.

15/ நீண்ட முறையில் வாரத்துக்கு 5 நாள், மொத்தம் ஐந்தரை வாரம் போலக் கதிர்வீச்சு, கூடவே கீமோ மாத்திரை அல்லது ஊசி. முடிஞ்சு 6 முதல் 8 வாரமாவது காத்திருப்போம். கதிர்வீச்சு பட்ட கேன்சர் செல் அன்னிக்கே சாகறதில்லை. பிரிஞ்சு பெருக முயற்சி பண்ணும்போதுதான் சாகும். அதனால ரேடியேஷன் முடிஞ்ச பிறகும் கட்டி சுருங்கிட்டே போகும். 100-ல் 10 முதல் 20 பேருக்கு, எடுத்துப் பார்த்தா கேன்சர் செல்லே இருக்காது.

16/ இப்ப கேமராவுக்கு வருவோம். 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்பவர் லேப்ராஸ்கோபி மூலம் குடல்வாலை எடுத்தார். அவர் மகப்பேறு மருத்துவர். ஜெர்மன் சர்ஜன்கள் சங்கத் தலைவரே அவரை இடைநீக்கம் செய்யணும்னு கடிதம் எழுதினார். 1985-ல் எரிக் ம்யூயே, 1987-ல் பிரான்ஸில் ஃபிலிப் மூரே இதே வழியில் பித்தப்பையை எடுத்தார்கள். அப்புறம் காட்டுத்தீ மாதிரி பரவியது. 1991-ல் அமெரிக்காவில் மோய்சஸ் ஜேக்கப்ஸ் குழு பெருங்குடலில் லேப்ராஸ்கோபி செய்ததை வெளியிட்டது.

17/ உடனே ஒரு பயம் கிளம்பியது. பெருங்குடல் கேன்சரை ஓட்டை வழியா எடுத்த சிலருக்கு, அந்த ஓட்டைத் தழும்பிலேயே கேன்சர் முளைத்தது. 1994-ல் வந்த ஒரு சின்ன அறிக்கையில் 14 பேரில் 3 பேருக்கு! வயித்துக்குள்ள ஊதற வாயு கேன்சர் செல்லைப் பரப்புதோன்னு சந்தேகம். இன்னிக்கும் குடும்பங்கள் கேட்கிற "ஓட்டை போட்டா பரவிடுமா?" பயத்துக்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்குங்க.

18/ சர்ஜன்கள் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் பெருங்குடல் கேன்சர் உள்ள 872 பேரைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரித்தார்கள். 2004-ல் முடிவு: தழும்பில் நோய் முளைத்தது ரெண்டு பக்கமும் 1%-க்கும் குறைவு. நோய் திரும்புவதிலும் உயிர் பிழைப்பதிலும் வித்தியாசம் இல்லை. பயம் தீர்ந்தது. ஆனா இது மேலே இருக்கிற பெருங்குடலுக்கு மட்டும். மலக்குடலை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

19/ ஏன்? அந்தப் புனலை மறுபடி நினைச்சுப் பாருங்க. குறுகின இடுப்புக்கூட்டுக்குள்ள, நேரா இருக்கிற, மடங்காத நீளக் கருவிகளை விட்டு வேலை செய்யணும். 2005-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், மலக்குடல் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு லேப்ராஸ்கோபியில் ஆரம்பித்து, முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. குடலை மீண்டும் இணைத்த நோயாளிகளில் வெட்டு விளிம்பில் கேன்சர் இருந்தது லேப்ராஸ்கோபியில் 12%, திறந்த முறையில் 6%. சின்ன எண்ணிக்கைதான், தற்செயலாவும் இருக்கலாம். ஆனா வயித்துல புளியைக் கரைச்சது.

20/ இதுக்கு மேல ரேடியேஷன் வேற. கதிர்வீச்சு பட்ட திசு வீங்கி, கசிந்து, சில இடங்களில் தழும்பேறி இருக்கும். ஹீல்ட் சொன்ன அந்த அழகான பிரிகோடு மங்கிப்போகும். கட்டி சுருங்கியிருப்பதால் எங்கே இருக்குன்னும் சட்டுனு தெரியாது. லேப்ராஸ்கோபியில் கையால் தடவிப் பார்க்கவும் வழியில்லை. சாம்பார் கவர் பழசாகி ஒட்டிக்கிட்டிருக்கு, அதை நீளமான இடுக்கியால கிழியாம எடுக்கணும். முடியுமா?

21/ இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது தென் கொரியா. 2006 முதல் 2009 வரை 3 மருத்துவமனைகள், 340 நோயாளிகள். எல்லாருக்கும் ஆசனவாயிலிருந்து 9 செ.மீ.க்குள் கட்டி. எல்லாரும் ரேடியேஷனும் கீமோவும் முடித்தவர்கள். குலுக்கல் போட்டு 170 பேருக்குத் திறந்த ஆபரேஷன், 170 பேருக்கு லேப்ராஸ்கோபி. செய்தவர்கள் எல்லாம் இதில் நன்றாகக் கை பழகிய சர்ஜன்கள்.

22/ 2010-ல் முதல் முடிவு. லேப்ராஸ்கோபிக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. 170 பேரில் 2 பேருக்கு மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு காற்றுப் பிரிய, திறந்த முறையில் 60 மணி நேரம், லேப்ராஸ்கோபியில் 38.5 மணி நேரம். இதெல்லாம் சௌகரியம். நடுவர் என்ன சொன்னார்? விளிம்பில் கேன்சர் திறந்த முறையில் 4.1%, லேப்ராஸ்கோபியில் 2.9%. உறையின் தரத்திலும் வித்தியாசம் இல்லை.

23/ 2014-ல் அடுத்த முடிவு. 3 வருஷம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள்: திறந்த முறையில் 72.5%, லேப்ராஸ்கோபியில் 79.2%. "ஆஹா, லேப்ராஸ்கோபிதான் பெஸ்ட்"னு சொல்லிடாதீங்க. இந்த ஆய்வு கேட்ட கேள்வி "மோசமா இல்லைதானே?" என்பது. பதில்: மோசமில்லை. 10 வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் திறந்த முறையில் சுமார் 74%, லேப்ராஸ்கோபியில் சுமார் 77%. அப்பவும் அதே பதில்.

24/ கதை இத்தோட முடிஞ்சிருந்தா சுபம் போட்டிருக்கலாம். 2015 ஏப்ரலில் 8 நாடுகளில் 1,044 பேரை வைத்துச் செய்த ஆய்வும் அதையே சொன்னது: 3 வருஷத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது ரெண்டு பக்கமும் சரியாக 5%. ஆனா அதே வருஷம் அக்டோபரில் வட அமெரிக்காவிலிருந்து ஒன்றும், ஆஸ்திரேலியா–நியூசிலாந்திலிருந்து ஒன்றும், ரெண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்து குண்டு போட்டன.

25/ இவர்கள் பார்த்தது நம்ம நடுவரின் மார்க்கை. உறை முழுசா, எல்லா விளிம்பும் சுத்தமா? எல்லாம் சரியாக இருந்தால்தான் வெற்றி. வட அமெரிக்காவில் திறந்த முறை 86.9%, லேப்ராஸ்கோபி 81.7%. ஆஸ்திரேலியாவில் 89%, 82%. லேப்ராஸ்கோபி மோசம்னு இது நிரூபிக்கலை. ஆனா "மோசமில்லை"ன்னு அடிச்சுச் சொல்லவும் முடியலை. பல சர்ஜன்கள் கையைப் பிசைந்தார்கள்.

26/ 2019-ல் ரெண்டு குழுவும் அதே நோயாளிகளின் 2 வருஷ நிலையை வெளியிட்டன. நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2022-ல் சீனாவிலிருந்து, தாழ்வான மலக்குடல் கேன்சர் உள்ள 1,000-க்கும் மேற்பட்டோரின் ஆய்வு: உறை முழுசாக வந்தது ரெண்டு முறையிலும் 100-க்குச் சுமார் 85 பேருக்கு. கை பழகிய சர்ஜன்களைத் தேர்ந்தெடுத்துத்தான் அந்த ஆய்வை நடத்தினார்கள். கொரியாவிலும் அப்படித்தான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

27/ ரோபோ? 2017-ல் 471 பேரை வைத்து வந்த பெரிய ஆய்வில், ரோபோவில் ஆரம்பித்து வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது 8.1%, லேப்ராஸ்கோபியில் 12.2%. தற்செயலைத் தாண்டிய வித்தியாசம்னு சொல்ல முடியலை. பிறகு சீனாவிலிருந்து ரோபோவுக்குச் சாதகமான ஆய்வும் வந்திருக்கு. நல்ல கருவிதான். ஆனா ரோபோன்னு போர்டுல எழுதியிருக்கிறதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க.

28/ இன்னொரு பக்கம், பிரேசிலின் சாவ் பாலோவில் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா என்ற பெண் சர்ஜன் வேறொரு கேள்வி கேட்டார். ரேடியேஷன், கீமோவிலேயே கட்டி முழுசா மறைஞ்சுட்டா எதுக்கு வெட்டணும்? 2004-ல் அவர் வெளியிட்ட 265 பேரில் 71 பேருக்கு ஆபரேஷன் செய்யாமல் கண்காணிப்பு மட்டும். பெரும்பாலானோர் நன்றாக இருந்தார்கள். கடுமையான எதிர்ப்பு வந்தது. இன்று உலகம் முழுக்க, பொருத்தமானவர்களுக்கு இது ஒரு வழி. ஆனா நாலில் ஒருத்தருக்கு 2 வருஷத்துக்குள்ள அதே இடத்துல கட்டி திரும்ப முளைக்குது. அடிக்கடி விரல் பரிசோதனை, கேமரா, எம்.ஆர்.ஐ. தவறாம வர முடிஞ்சவங்களுக்குத்தான் இது சரிப்படும். "கட்டி கரைஞ்சுடுச்சு"ன்னு நீங்களே வராம நின்னுடறது இது இல்லை.

29/ இப்ப முதல் கேள்விக்குப் பதில். ஓட்டை வழியா கேன்சரை முழுசா எடுக்க முடியுமா? முடியும், உள்ளே அந்த உறையைக் கிழிக்காம எடுக்கத் தெரிஞ்ச கையா இருந்தா. வெளியே தழும்பு சின்னதா இருந்தா வலி குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். நோய் திரும்பாமல் இருப்பதில் சர்ஜன் கையில இருக்கிற பங்கு உள்ளேதான். பாதியில "வயித்தைத் திறக்க வேண்டி வந்துச்சு"ன்னு சர்ஜன் சொன்னா அதைத் தோல்வியா நினைக்காதீங்க. பல நேரம் அவர் அந்த உறையைக் காப்பாத்தத்தான் அப்படி செஞ்சிருப்பார்.

30/ அதனால டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. தயங்காதீங்க:
எம்.ஆர்.ஐ.யில் கட்டி உறை வரைக்கும் வந்திருக்கா?
ரேடியேஷன் முதலில் தேவையா, ஏன்?
மலக்குடலுக்கு இந்த ஆபரேஷனை நீங்க அடிக்கடி பண்றீங்களா?
பை வைக்கணுமா? சில மாசத்துக்கா, நிரந்தரமா?
ஆபரேஷனுக்கு அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட்டில் விளிம்பு சுத்தமா, உறை முழுசா?
நல்ல டாக்டர் யாரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

31/ கடைசியா ஒண்ணு. இந்த 200 வருஷ உழைப்பும் நோய் சீக்கிரம் தெரிஞ்சாத்தான் முழுசாப் பலன் தரும். மலத்துல ரத்தம் வந்தா "மூலம்தான்"னு நீங்களே முடிவு பண்ணி மாசக்கணக்கா கை வைத்தியம் பார்க்காதீங்க. ரத்தம், மலம் கழிக்கிற வழக்கத்துல மாற்றம், போயிட்டு வந்தும் முழுசாப் போகாத உணர்வு, காரணமில்லாத ரத்தசோகை, இதுல எது இருந்தாலும் ஒரு தடவை காட்டுங்க. தாழ்வான கட்டிகள் பலதும் டாக்டரின் விரல் பரிசோதனையிலேயே தெரிஞ்சுடும். ஒரு நிமிஷ வேலை. வெட்கப்பட்டு அந்த ஒரு நிமிஷத்தைத் தள்ளிப் போடாதீங்க.